மந்திரிக்கு மட்டும் கால வழுவமைதி

பத்தாம் வகுப்பு ஆங்கிலத் தாள் திருத்திக்கொண்டிருந்தேன். ஒரு பிள்ளை எழுதியிருந்தாள்: ‘மை கிராண்ட்மதர் செட் தட் தி ஹாஸ்பிடல் இஸ் ஃபார்.’ ஆஸ்பத்திரி தூரம் என்று பாட்டி சொன்னாளாம். சொன்னது நேற்று, அப்படியென்றால் தூரமும் நேற்றுதானே? ‘இஸ்’ஸைச் சுழித்து மேலே ‘வாஸ்’ என்று எழுதி அரை மதிப்பெண்ணைப் பிடுங்கினேன்.

முதன்மைத் தொடர் இறந்த காலத்தில் இருந்தால் அதைத் தொற்றிக்கொண்டு வரும் துணைத் தொடரும் இறந்த காலத்துக்கு இறங்க வேண்டும். சீக்வென்ஸ் ஆஃப் டென்ஸஸ் என்று பெயர். 1930களில் வந்த ரென் அண்ட் மார்ட்டின் இலக்கணப் புத்தகத்தைத் தலைமாட்டில் வைத்து வளர்ந்தவர்கள் நாங்கள். வெள்ளைக்காரன் மூட்டை கட்டிப் போய்விட்டான். அவன் டென்ஸ் மட்டும் பிரம்போடு வகுப்பறை வாசலில் நிற்கிறது.

தாள்களுக்குக் கீழே அன்றைய ஆங்கிலச் செய்தித்தாள் கிடந்தது. ‘பாதாளச் சாக்கடை வேலை நடந்துகொண்டிருக்கிறது என்று மந்திரி சொன்னார்.’ செட் என்று தொடங்கி இஸ் கோயிங் ஆன் என்று முடிகிறது. அதே தப்பு. சிவப்பு மையோடு பாய்ந்த கை பாதியில் நின்றது. விதிக்கு ஒரு விலக்கு இருக்கிறதே! உலக உண்மைக்குக் காலம் மாறாது. ‘பூமி சூரியனைச் சுற்றுகிறது என்று ஆசிரியர் சொன்னார்’ என்பதில் சுற்றுகிறது அப்படியே நிற்கலாம். நம் ஊர்ப் பாதாளச் சாக்கடை வேலையும் அந்த ஜாதிதான். நேற்றும் நடந்தது, இன்றும் நடக்கிறது, என் பேரன் வாத்தியாராகி இதே நாற்காலியில் உட்காரும்போதும் நடக்கும். மந்திரிக்கு முழு மதிப்பெண்.

டென்ஸ் பாடத்துக்கு நல்ல உதாரணம் வேண்டுமா? மதுரைக்கு வாருங்கள். 2015 பிப்ரவரி பட்ஜெட்டில் தமிழ்நாட்டுக்கு ஓர் எய்ம்ஸ் மருத்துவமனை என்று அறிவித்தார் நிதியமைச்சர் அருண் ஜெட்லி. அது ‘வில்’. 2018இல் தோப்பூரில் இடம் முடிவானது. ஆண்டுக் கடைசியில் மத்திய அமைச்சரவை ஒப்புதலும் கொடுத்தது. 2019 ஜனவரி 27 அன்று பிரதமர் வந்து அடிக்கல் நாட்டினார். 2022 செப்டம்பரில் மதுரைக்கு வந்த அன்றைய பாஜக தலைவர் ஜே.பி. நட்டா, 95 சதவீத வேலை முடிந்துவிட்டது என்றார்.

முடிந்துவிட்டது என்பது பிரசன்ட் பெர்ஃபெக்ட். ‘ஹேஸ் பீன் கம்ப்ளீட்டட்.’ அந்த டென்ஸ் சும்மா வராது. செயல் முடிந்ததன் பலன் இந்த நிமிடம் கண்முன்னே இருக்க வேண்டும். சாவியைத் தொலைத்துவிட்டேன் என்று அதில் சொன்னால், நான் இன்னும் பூட்டிய கதவுக்கு வெளியே நிற்கிறேன் என்று பொருள். அந்தப் பலனைத் தேடித்தான் எம்.பி.க்கள் சு. வெங்கடேசனும் மாணிக்கம் தாகூரும் தோப்பூருக்குப் போனார்கள். 95 சதவீதக் கட்டடம் எங்கே என்று கேட்டு, வெட்டவெளியில் நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்பினார்கள். அப்புறம் விளக்கம் வந்தது: கட்டுமானத்துக்கு முந்தைய வேலைகளில் 95 சதவீதமாம். கல்யாண வேலையெல்லாம் முடிந்தது, மாப்பிள்ளை பார்ப்பது ஒன்றுதான் பாக்கி என்பதுபோல.

அதே 2015 பட்ஜெட்டில் இமாச்சலப் பிரதேசத்துக்கும் ஓர் எய்ம்ஸ் அறிவித்தார்கள். மதுரையில் 95 பேசி இரண்டு வாரம் ஆவதற்குள், 2022 அக்டோபர் 5 அன்று, அதைப் பிரதமர் திறந்தே வைத்தார். இடம் பிலாஸ்பூர், நட்டாவின் சொந்த மாவட்டம். அங்கே வில், இஸ், ஹேஸ் எல்லாம் வரிசை தப்பாமல் நடந்திருக்கின்றன. ஆகவே இலக்கணம் தெரியாமல் இல்லை; எந்த ஊருக்கு எந்த டென்ஸ் என்பது நன்றாகவே தெரிந்திருக்கிறது. இங்கே முதல் 50 மருத்துவ மாணவர்களை ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரியில் குடிவைத்தார்கள். மாணவர்கள் நிகழ்காலம், கல்லூரி எதிர்காலம். பிரதான கட்டடத்தின் வேலை தொடங்கியதே 2024 மார்ச்சில்தான்.

இலக்கண வகுப்பில் தலைமுறை தலைமுறையாக ஓதும் ஒரு வாக்கியம் உண்டு: ‘தி பேஷன்ட் ஹேட் டைடு பிஃபோர் தி டாக்டர் கேம்.’ டாக்டர் வருவதற்குள் நோயாளி செத்துப்போயிருந்தார். நடந்த இரண்டில் எது முந்தியதோ அதற்கு ‘ஹேட்’ போட வேண்டும். உதாரணம் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். இப்போது பார்த்தால் சுகாதாரத் துறையின் ஆண்டறிக்கை போலிருக்கிறது.

2021 தேர்தலில் ஒற்றைச் செங்கல்லைத் தூக்கிக் காட்டி, இதுதான் எய்ம்ஸ் என்று ஊர் ஊராகச் சிரிக்க வைத்தார் உதயநிதி ஸ்டாலின். நானும் சிரித்தேன். ஆனால் செங்கல் தூக்கியவர்களுக்கும் என் பேனாவில் மை மிச்சமிருக்கிறது. ‘இஃப்’ வாக்கியத்துக்கு ஒரு விதி: நிபந்தனை நிகழ்காலத்தில், பலன் எதிர்காலத்தில். ஆட்சிக்கு வந்தால் மருத்துவப் படிப்புக்கான நீட் தேர்வு ரத்தாகும் என்றார்கள். இலக்கணம் சுத்தம். வந்தார்கள். 2021 செப்டம்பரில் சட்டமன்றத்தில் அதற்கான மசோதா நிறைவேறியது, ஆளுநர் திருப்பினார், மறுபடி நிறைவேற்றி அனுப்பினார்கள், கடைசியில் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைக்கவில்லை என்று 2025இல் முதல்வரே அவையில் சொன்னார். டில்லி மறிக்கும் என்பது மேடையில் வாக்குக் கொடுத்தபோதே தெரியாதா? ‘இஃப்’ நிறைவேறியது. ‘வில்’ வாசலிலேயே நிற்கிறது. நடுவில் பரீட்சை எழுதிய பிள்ளைகள் எந்த டென்ஸ்?

இதுவரை சிரித்தது போதும். கையால் மலம் அள்ளுவதைத் தடுக்க 1993இல் ஒரு சட்டம், போதாதென்று 2013இல் இன்னொன்று. 2021 ஜூலையில் மத்திய அரசு மாநிலங்களவையில் சொன்னது: கையால் மலம் அள்ளியதால் சாவு எதுவும் பதிவாகவில்லை. சில நாளிலேயே இன்னொரு பதில்: சாக்கடையையும் செப்டிக் டேங்கையும் சுத்தம் செய்யும்போது 941 பேர் இறந்திருக்கிறார்கள். அந்தப் பட்டியலில் முதலிடம் தமிழ்நாட்டுக்கு. முதல் வாக்கியத்தில் யாரும் சாகவில்லை, இரண்டாவதில் 941 பிணம். இரண்டுக்கும் நடுவே இருப்பது ஒரு சொல் மாற்றம். செத்தவன் செய்த வேலைக்கு வேறு பெயர் வைத்துவிட்டார்கள். பிள்ளை ஒரு ‘இஸ்’ பிசகினால் பெஞ்சு மேல் ஏற்றுகிறோம். அவையில் இந்தப் பதில்களைப் படித்த அமைச்சரை மேஜை தட்டி உட்கார வைக்கிறோம்.

ஒழித்தாயிற்று என்பது கோப்பு. இறங்குகிறான் என்பது குழி. இறந்த காலம் என்ற சொல்லுக்குத் தமிழில் இன்னொரு பொருளும் இருப்பதை அந்தக் குழியின் விளிம்பில் நின்று பார்த்தால்தான் புரியும். இறந்தவன் குடும்பத்துக்குத் தரவேண்டிய தொகையை 2023 அக்டோபரில் 10 லட்சத்திலிருந்து 30 லட்சமாக உயர்த்தியது உச்ச நீதிமன்றம். ஆங்கிலத்தில் மூன்றாம் நிபந்தனை என்று ஒரு வாக்கிய வகை உண்டு: இயந்திரம் கொடுத்திருந்தால் பிழைத்திருப்பான். இனி நடக்கவே முடியாததைச் சொல்லும் டென்ஸ் அது. அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு அதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

தமிழ்ப் புலவர் யாராவது குறுக்கே வந்து, நம் இலக்கணத்தில் கால வழுவமைதி உண்டே என்பார். உண்டு. விரைவு, மிகுதி, தெளிவு, இயல்பு என்ற நான்கு காரணங்களால் காலம் மாறி வரலாம் என்கிறது நன்னூல். சாப்பிட்டுக்கொண்டிருப்பவனை வாசலில் இருந்து கூப்பிட்டால், ‘இதோ வந்துட்டேன்’ என்கிறான். கையில் சோறு காயவில்லை. ஆனாலும் அது பொய் இல்லை, ஏனென்றால் அடுத்த நிமிடம் வந்து நிற்பான். அதற்குப் பெயர் விரைவு. அடிக்கல் நாட்டி ஐந்து வருடம் கழித்துக் கொத்தனாரைக் கூப்பிடுவது எந்த விரைவில் சேர்த்தி? பவணந்தி முனிவர் நான்கோடு நிறுத்திக்கொண்டார். பொய்யினாலும் மாறலாம் என்று ஐந்தாவதாக ஒன்றை அவர் சேர்க்கவில்லை.

கட்டி வைத்த தாள்களைப் பிரித்து அந்தப் பிள்ளையின் தாளைத் தேடி எடுத்தேன். சொன்ன செய்தி இன்றும் மாறாமல் இருந்தால் ‘இஸ்’ என்றே எழுதலாம். அதையும் ஆங்கில இலக்கணம் ஒப்புக்கொள்கிறது. நான்தான் மறந்துவிட்டேன். ‘வாஸ்’ஸை அடித்துவிட்டு, பிடுங்கிய அரை மதிப்பெண்ணைத் திருப்பிப் போட்டேன். அவள் எழுதியதில் ஒரு பிழையும் இல்லை. ஆஸ்பத்திரி இன்னும் தூரத்தில்தான் இருக்கிறது.