திட்டம் போடற தம்பிக்கு

வாங்க தம்பி, உக்காருங்க. அரசாங்கப் பள்ளிக்கூடத்துல தொழிற்கல்வியை மேம்படுத்தத் திட்டம் எழுதறீங்களாமா? நல்ல காரியமுங்க. பள்ளிக்கூடம் பக்கம் மழைக்குக்கூட ஒதுங்காதவன் நான். ஆனா ஓசியில யோசனை சொல்றதுக்குப் படிப்பெதுக்குங்க?

மொதல்ல திட்டத்துக்கு ஒரு புதுப் பேர் வையுங்க. 1978ல பிளஸ் டூ வந்தப்பவே தொழிற்பிரிவும் கூட வந்துச்சு. விவசாயம், நர்சிங், மெஷினிஸ்ட்டு, தணிக்கைன்னு. அது பழசு. பழசைச் சீர் பண்ணுனா போட்டோ புடிக்க யார் வருவாங்க? அப்பறம் கெடு. டெல்லிக்காரங்க 2020 கல்விக் கொள்கையில, 2025க்குள்ள படிக்கிறவங்கள்ல பாதிப் பேருக்காச்சும் தொழிற்கல்வி பழக்கமாகோணும்னு எழுதுனாங்க. கெடுவைக் கிட்டக்க வெச்சு மாட்டிக்கிட்டாங்க. நீங்க 2050னு போடுங்க. கேக்கறதுக்கு நானும் இருக்க மாட்டேன். நீங்களும் பென்சன் வாங்கிட்டிருப்பீங்க.

அடுத்து, மெஷின் வாங்குங்க. பெருசா வாங்குங்க. பக்கத்தூர்ப் பள்ளிக்கூடத்துல லேத்து ஒண்ணு வந்து எறங்குச்சு. சந்தனம், குங்குமம் எல்லாம் வெச்சாங்க. அப்பறந்தான் தெரிஞ்சுது, அதுக்கு த்ரீ பேஸ் கரண்ட்டு வேணும், அங்க இருக்கறது சிங்கிள் பேஸுன்னு. தார்ப்பாயைப் போத்தி மூடிட்டாங்க. பசங்க அதைத் தூக்கித் தூக்கிப் பாத்து ரெக்கார்டு நோட்டுல படம் போட்டாங்க பாருங்க, ஹெட்ஸ்டாக்குக்கு அப்பிடியொரு ஷேடிங்! டர்னர் வரலீன்னா என்னங்க, ஊருக்கு நாலு ஓவியன் கெடைச்சான்.

வாத்தியாரை மட்டும் தொடாதீங்க. ரிட்டயர்டு ஆகட்டும். ஆனதும் அந்த எடத்தை நிரப்பாம வுடுங்க. வாத்தியார் இல்லீன்னா பசங்க சேர மாட்டாங்க. சேரலீன்னா பிரிவை மூடிறலாம். மூடுனதும் ‘மக்களுக்கு ஆர்வமில்லை’ன்னு அறிக்கை எழுதிறலாம். நயாபைசா செலவில்லாத வேலை.

மார்க்கு கொறைஞ்சவனா பொறுக்கி அந்தப் பிரிவுக்குத் தள்ளுங்க. “உனக்கு இதுதான் லாயக்கு”ன்னு வாயாரச் சொல்லுங்க. பெத்தவங்க ஏன் மொகஞ்சுளிக்கறாங்கன்னு ஆராய ஒரு கமிட்டி போடுங்க. கமிட்டிகிட்ட 1953 கதையை மட்டும் எடுக்காதீங்க. பிள்ளைங்க பாதி நேரம் பள்ளிக்கூடம், மீதி நேரம் அப்பன் தொழில்னு ராஜாஜி கொண்டாந்தாரு. சனம் கொதிச்சுது. அடுத்த வருசம் காமராசர் வந்து எடுத்துப்போட்டாரு. வேலைன்னா நம்ம சனத்துக்கு என்னிக்கும் கசந்ததில்லீங்க. எம் மவன் என்ன ஆகோணும்னு நீ யாருடா முடிவு பண்றதுன்னுதான் கோவம். அன்னிக்குச் சாதியைப் பாத்து ஒதுக்குனாங்க. இன்னிக்கு மார்க்கைப் பாத்து ஒதுக்கறோம்.

என்னங்க தம்பி, பேனாவை மூடிட்டீங்க? சரி, கிண்டல் போதும். கோயமுத்தூர்ப் பட்டறை வாசல்ல ‘டர்னர் தேவை, பிட்டர் தேவை’ன்னு போர்டு தொங்குது. உங்க திட்டத்துல மூணே வரி எழுதுங்க. மே மாசம் வாத்தியார் ரிட்டயர்டு ஆனா ஜூன்ல யார் வருவாங்க? மின்வாரியத்துல த்ரீ பேஸுக்கு எழுதிக் குடுத்தாச்சா? தொழிற்பிரிவு முடிச்சவன் பாலிடெக்னிக்குல நேரா ரெண்டாம் வருசம் சேர வழியிருக்குன்னு பத்தாவது பசங்ககிட்ட யாராச்சும் சொன்னாங்களா?

இதுக்கெல்லாம் மந்திரி வரமாட்டாருங்க. பந்தல் செலவு மிச்சம். அந்தக் காசுல லேத்துக்கு நாலு டூல் பிட்டு வாங்கிப் போடுங்க.