பெயிண்டர் எப்போது கிளம்புவார்?

வீட்டுக்குப் பெயிண்ட் அடித்துக் கொடுப்பவர்களின் விளம்பரங்களைப் பார்த்தால், எல்லாரும் ஒரே அச்சகத்துக்குப் போனவர்கள் என்று தோன்றும். விசிட்டிங் கார்டில் சரிந்த சிவப்புக் கூரை, முன்னால் புல்வெளி, பின்னால் பைன் மரங்கள் என்று சுவிட்சர்லாந்துப் பங்களா ஒன்று நிற்கும். கார்டுக்கு உரியவரோ அம்பத்தூரில், தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே ஓதம் ஏறிய சுவரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பார். இன்னொரு வகை, மின்கம்பத்திலும் காம்பவுண்டுச் சுவரிலும் ஒட்டும் நோட்டீஸ். பொது இடங்களை அலங்கோலப்படுத்துவதைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 1959 முதல் சட்டம் இருக்கிறது. சட்டம் கிடக்கட்டும். சுவரை அழகாக்குகிறேன் என்று சொல்ல வந்தவர், அடுத்தவர் சுவரில் பசை தடவி அதைச் சொல்கிறார். முதல் வாடிக்கையாளர் கிடைக்கும் முன்பே அவருக்கு முதல் எதிரி கிடைத்துவிடுகிறார். இந்த விளம்பரங்கள் அத்தனையும் வேலை முடிந்தபின் சுவர் எப்படி இருக்கும் என்றே சொல்கின்றன. வேலை எப்போது முடியும் என்று ஒன்றும் சொல்வதில்லை. வீட்டுக்காரருக்கு ராத்தூக்கத்தைக் கெடுப்பது இரண்டாவது கேள்விதான். ஆகவே என் கட்சி இது: பெயிண்டிங் தொழிலில் விற்கவேண்டிய முதல் சரக்கு, பெயிண்டர் வீட்டை விட்டுப் போகும் தேதி.

பெயிண்டிங் நடக்கும் வீட்டின் நிலையை எண்ணிப் பாருங்கள். பீரோ சுவரை விட்டு நகர்ந்து கூடத்தின் நடுவில் பழைய சேலை போர்த்திக்கொண்டு நிற்கும். அதற்குள் இருக்கும் கேஸ் புத்தகமும் பள்ளிச் சீருடையும் அன்றைக்குத்தான் அவசரமாகத் தேவைப்படும். நாலு நாளில் முடிகிற வேலை என்று சொல்லித் தொடங்கியிருப்பார்கள். மூன்றாம் நாள் ஆள் வரமாட்டார், ஏணியும் இரண்டு காலி வாளியும் மட்டும் இருக்கும். ஏணி இங்கே இருக்கும்போது எங்கே போய்விடுவார் என்று வீட்டுக்காரர் தன்னைத் தேற்றிக்கொள்வார். அந்த ஏணி, அந்த வீட்டில் துண்டு போட்டு இடம் பிடிக்க வைத்தது. ஆள் அடுத்த தெருவில் இன்னோர் அட்வான்ஸ் வாங்கி, வேறோர் ஏணியில் நிற்கிறார். மூன்று வீட்டை ஒரே சமயத்தில் தொடங்குவது தொழில் தந்திரம் என்று பெயிண்டர் நினைக்கிறார். மூன்று வீட்டுக்காரர்கள் அவரைப் பற்றி அக்கம்பக்கத்தில் பேசுவதைக் கேட்டால், காசு கொடுத்துக்கூட அப்படியோர் எதிர்விளம்பரம் செய்யமுடியாது என்று தெரியும்.

பெயிண்ட் கம்பெனிகள் இதை எப்போதோ புரிந்துகொண்டுவிட்டன. ஏசியன் பெயிண்ட்ஸுக்காக ஆர்.கே. லக்ஷ்மண் 1954இல் வரைந்த கட்டூ என்ற சிறுவனைப் பலருக்கும் நினைவிருக்கும். நெற்றியில் விழும் முடி, கையில் டப்பாவும் பிரஷும், குறும்புப் பார்வை. பல தலைமுறைகளுக்கு அவன்தான் பெயிண்டின் முகம். கம்பெனி அன்றைக்கு விற்றது டப்பா. டப்பாவில் இருக்கும் குறும்பனால் யார் வீட்டு மொசைக் தரைக்கும் சேதமில்லை. அதே கம்பெனிகள் ஆளையும் அனுப்பிப் பெயிண்ட் அடித்துத் தரும் சேவையைத் தொடங்கியபோது பேச்சு மாறியது. பெர்ஜர் கம்பெனி தன் சேவைக்கு வைத்த பெயரே எக்ஸ்பிரஸ் பெயிண்டிங். மெஷினில் தேய்ப்போம், தூசி பறக்காது, சாமான்களை மூடி வைப்போம், சீக்கிரம் முடிப்போம் என்பவைதான் அங்கே வாக்குறுதிகள். கோடிக்கணக்கில் விளம்பரத்துக்குச் செலவழிப்பவர்கள் வானவில்லை டப்பாவுக்கு ஒதுக்கிவிட்டு, ஆள் அனுப்பும்போது தூசியையும் நாளையும் பற்றிப் பேசுகிறார்கள் என்றால், தனி பெயிண்டர் கற்கவேண்டிய பாடம் அதில் இருக்கிறது.

இதற்கு முதல் மறுப்பு உடனே வரும்: “தேதியாவது கீதியாவது, ஜனங்கள் கேட்பது ஒன்றே ஒன்று, சதுர அடிக்கு என்ன ரேட்?” உண்மைதான், கேட்கிறார்கள். ஏன் கேட்கிறார்கள் என்பதுதான் விஷயம். பழைய கார் சந்தையை வைத்து ஜார்ஜ் அக்கர்லாஃப் 1970இல் ஒரு கட்டுரை எழுதினார், 2001இல் பொருளாதார நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். விற்பவருக்குத் தெரிந்த குறை வாங்குபவருக்குத் தெரியாத சந்தையில், நல்ல சரக்குக்கு நல்ல விலை கிடைக்காது, கடைசியில் மட்டமான சரக்கே மிஞ்சும் என்பது அதன் சாரம். பெயிண்டிங் அச்சு அசலாக அந்தச் சந்தைதான். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தாரா, பட்டி ஒரு கை பார்த்தாரா இரண்டு கையா, பிரைமரில் எவ்வளவு தண்ணீர் கலந்தார் என்பதெல்லாம் மேல் கோட்டுக்கு அடியில் போய்விடும். வெளியே தெரிகிற ஒரே எண் ரேட் என்பதால் வீட்டுக்காரர் அதைப் பிடித்துக்கொள்கிறார். வேறு எண் ஏதாவது கொடுத்துப் பாருங்கள், அதையும் பிடித்துக்கொள்வார்.

ரேட்டே கூட அவருக்குப் பாதிதான் புரிகிறது. பத்துக்குப் பன்னிரண்டு அறை, 120 சதுர அடி என்று அவர் மனக்கணக்கு போட்டு வைத்திருப்பார். பெயிண்டர் 560 சதுர அடி என்றதும் பகல்கொள்ளை என்று கொதிப்பார். சுற்றளவு 44 அடி, உயரம் 10 அடி, நாலு சுவர் 440, அதோடு சீலிங் 120 என்று ஒரு தாளில் போட்டுக் காட்டினால் கொதிப்பு அடங்கும். கதவு 21, ஜன்னல் 16 என்று 37ஐ, அவர் கேட்பதற்கு முன்பே கழித்துக் காட்டினால், அந்த வீடு மட்டுமில்லை, அவர் மைத்துனர் வீடும் சேர்ந்து கிடைக்கும். பெயிண்ட் வாளிக்குள் பெயிண்டருக்காகக் கம்பெனி வைக்கும் டோக்கனும் அப்படித்தான். “சார், இந்த பிராண்டுதான் பெஸ்ட்” என்று சொன்னவர் மூடியைத் திறந்ததும் எதையோ துழாவி எடுத்து லுங்கி மடிப்பில் செருகுவதை வீட்டுக்காரர் ஒரு தடவை பார்த்துவிட்டால், அப்புறம் அவர் சிபாரிசு செய்யும் எந்த பிராண்டும் எடுபடாது. டோக்கன் உண்டு, அது எனக்கு என்று முதலிலேயே சொல்லிவிடுவதில் நஷ்டம் ஒன்றுமில்லை. போட்டோவும் அதேபோல. முன், பின் என்று இரண்டு படம் போடுவதற்கு நடுவில், பட்டி பார்த்து பிரைமர் அடித்த சுவரையும், டேப் ஒட்டிய சுவிட்ச் போர்டையும் ஒரு படம் எடுத்துப் போடவேண்டும். திருகாணியின் வெட்டே தெரியாமல் மூன்று தலைமுறைப் பெயிண்ட் அப்பிய சுவிட்ச் போர்டோடு வாழ்பவருக்கு அந்தப் படத்தின் அருமை தெரியும்.

இரண்டாவது மறுப்பு கனமானது. மழை பெய்தால் தேதியை எப்படிக் காப்பாற்றுவது? பட்டி காயாமல் அடித்தால் பொக்குவிடாதா? விடும். ஆனால் வடகிழக்குப் பருவமழை திடீர் விருந்தாளி இல்லை, அக்டோபர் முதல் டிசம்பர் வரை வந்து தங்கும் சொந்தக்காரர். தீபாவளிக்கு முன்னால் வெளிச்சுவரை முடித்துத் தருகிறேன் என்று எல்லாருக்கும் தலையாட்டிவிட்டு, பிறகு வானத்தைக் குற்றம் சொல்வது நியாயமாகாது. “உள்வேலைக்கு ஏழு நாள், வெளிச்சுவருக்கு மழை நாளைக் கழித்து ஐந்து நாள்” என்று எழுதிக் கொடுக்கலாம். பொங்கலுக்குப் பிறகு வெளிவேலை செய்தால் ரேட்டில் சலுகை என்று சொன்னால், சும்மா இருக்கும் மாதங்களும் நிரம்பும்.

“தாமதத்துக்குக் காரணமே வீட்டுக்காரர்தானே” என்பது மூன்றாவது. இதில் நியாயம் இருக்கிறது. ஷேட் கார்டில் விரல்நகம் அளவு பார்த்துத் தேர்ந்தெடுத்த மஞ்சள், நாலு சுவரிலும் ஏறியதும் நகைக்கடை மாதிரி இருக்கிறது என்று வீட்டம்மா சொல்வார். அமெரிக்காவிலிருந்து மகன் வீடியோ காலில் பார்த்துவிட்டுச் சாம்பல் நிறம் கேட்பான். இதற்கும் மருந்து அதே தாள்தான்: முதலில் சுவரில் இரண்டடிக்கு இரண்டடி மாதிரி அடித்து ஒப்புதல் வாங்குவது, அதன்பின் நிறம் மாறினால் இத்தனை நாள், இத்தனை ரூபாய் கூடும் என்று எழுதிவிடுவது. தேதியை எழுதினால் மாட்டிக்கொள்வோம் என்று பயப்படும் பெயிண்டருக்கு, அந்தத் தேதியில் வீட்டுக்காரரும் மாட்டிக்கொள்வார் என்பது தெரிவதில்லை.

எல்லாப் பெயிண்டர்களும் இப்படியே தேதி எழுதிக் கொடுத்து, சொன்ன நாளில் ஏணியைத் தூக்கிக்கொண்டு கிளம்பத் தொடங்கிவிட்டால், அப்புறம் இதில் என்ன தனிச்சிறப்பு என்று கேட்கலாம். நல்ல கேள்வி. அந்த நிலை வந்ததும் வேறு உத்தி யோசித்துக்கொள்ளலாம், அவசரமில்லை. அதுவரை இந்தத் துறையில் போட்டி மிகக் குறைவு.