கேஸ் சார்

எங்கள் தெருவில் அவரைக் 'கேஸ் சார்' என்பார்கள். புதிதாகக் குடிவந்த ஒரு பெண்மணி இதைக் கேட்டுவிட்டு, சிலிண்டர் புக் பண்ண அவர் வீட்டுக் கதவைத் தட்டிவிட்டார். முக்கால் மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தபோது சிலிண்டர் கிடைக்கவில்லை. கணவரின் இன்ஷூரன்ஸ் பத்திரத்தில் நாமினியாக இன்னும் மாமியார் பெயர்தான் இருக்கிறது என்ற தகவல் மட்டும் கிடைத்திருந்தது.

இப்படி ஒருவர் இப்போது எல்லா ஊரிலும் இருக்கிறார். கையில் மஞ்சள் பை, பைக்குள் பாக்ஸ் ஃபைல், ஃபைலுக்குள் எதை எடுத்தாலும் ஐந்து செட் ஜெராக்ஸ். பக்க எண் சிவப்பு மையில். எங்கள் கேஸ் சார் 34 வருடம் கருவூலத்தில் வேலை பார்த்தவர். முத்திரை கோணலாக விழுந்திருக்கிறது என்று ஒரு பள்ளிக்கூடத்தின் சம்பளப் பில்லையே திருப்பி அனுப்பியவர் என்று இன்றும் சொல்வார்கள். அப்பேர்ப்பட்ட மனுஷர், பென்சிலில் டிக் அடித்த பதினேழு இடத்தில் ஒரு வரிகூடப் படிக்காமல் கையெழுத்துப் போட்டார். காரணம், வங்கியில் டை கட்டிய ஒரு பையன் அவரை "அப்பா" என்று கூப்பிட்டதுதான். சொந்த மகன் வாட்ஸ்அப்பில் கட்டைவிரல் காட்டுவதோடு சரி.

இரண்டு லட்ச ரூபாய் டெபாசிட்டைப் புதுப்பிக்கத்தான் வங்கிக்குப் போயிருந்தார். "எஃப்டியில என்னப்பா கிடைக்கும்? இது நம்ம பேங்க் ஸ்கீம்தான். ஒரு தடவை கட்டுனா போதும், அஞ்சு வருஷத்துல டபுள்" என்றான் பையன். டம்ளரில் காபியும் வந்தது. வங்கியில் காபி கொடுத்தால் எழுந்து ஓடிவிட வேண்டும் என்பது பிற்பாடு கேஸ் சார் கண்டுபிடித்த விதி. "கம்பெனியிலேர்ந்து ஒரு கால் வரும்ப்பா. என்ன கேட்டாலும் 'யெஸ்' சொல்லிடுங்க, இல்லாட்டி லேட்டாகும்."

கால் வந்தது. பத்து வருடம் பிரீமியம் கட்ட வேண்டும் என்று தெரியுமா? யெஸ். பணம் பங்குச் சந்தையில் போடப்படும், ஏறும் இறங்கும், தெரியுமா? யெஸ். இது டெபாசிட் இல்லை என்று புரிந்துகொண்டீர்களா? கல்யாண மேடையில்கூட அவர் அவ்வளவு திடமாகச் சம்மதம் சொன்னதில்லை என்கிறார் அவர் மனைவி.

கனத்த உறையில் பத்திரம் வந்தது. மாமி அதற்குக் குங்குமம் இட்டுச் சாமி அலமாரியில் வைத்துவிட்டார். பிடிக்காவிட்டால் திருப்பிக் கொடுக்க அப்போது பதினைந்து நாள் அவகாசம். பதினைந்து நாளும் அது லட்சுமி படத்துக்குப் பின்னால் தூபம் வாங்கிக்கொண்டிருந்தது. அடுத்த வருடம் 'பிரீமியம் பாக்கி' என்று குறுஞ்செய்தி வந்த பிறகுதான் உறையைக் கிழித்தார். தொழில்: வியாபாரம். ஆண்டு வருமானம்: பன்னிரண்டு லட்சம். "பன்னிரண்டு லட்சத்தை நான் அடுத்தவன் பில்லுலதான்யா பாத்திருக்கேன்" என்று அன்றைக்கு வாசலில் நின்று கத்தினார்.

பையன் வேறு வங்கிக்குப் போய்விட்டான். வங்கி, "அது இன்ஷூரன்ஸ் கம்பெனி விவகாரம்" என்றது. கம்பெனி, "கையெழுத்து உங்களுடையதுதானே?" என்றது. மேற்கொண்டு கட்டாவிட்டாலும், பங்குச் சந்தை சார்ந்த யூலிப் பாலிசி என்பதால் ஐந்து வருடம் முடிகிறவரை பணத்தைத் தொட முடியாது என்றும் சேர்த்துச் சொன்னது. (இதை எழுத உட்காரும் முன் நானும் என் பீரோவைத் திறந்து பார்த்தேன். அந்தக் கதை இங்கே வேண்டாம்.)

சென்னையில் இன்ஷூரன்ஸ் ஆம்பட்ஸ்மன் இருக்கிறார், செலவே இல்லை என்று பலர் சொல்லிப் பார்த்தார்கள். சார் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தைத்தான் பிடித்துக்கொண்டார். கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் அங்கேயும் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை, பஸ்ஸில் போய்வரலாம். மனுவைத் தானே எழுதினார். மன உளைச்சலுக்கு ஒரு லட்சம் என்று கடைசியில் சேர்த்ததை வாசித்துக் காட்டியபோது மாமி கேட்டார்: "உளைச்சல் எனக்கு. பணம் மட்டும் உங்களுக்கா?"

அதன் பிறகு அவருடைய காலண்டரே மாறிவிட்டது. சஷ்டி, ஏகாதசி போய் வாய்தா வந்தது. பேரனின் காதுகுத்து 'அஃபிடவிட்டுக்கு அடுத்த வெள்ளிக்கிழமை' நடந்தது. வங்கித் தரப்பு 46-ம் நாள் பதிலுரையை நீட்டியபோது சார் எழுந்தார். "நாப்பத்தஞ்சு நாளுக்கு மேல ஒரு நாள்கூடக் கிடையாதுங்க. 2020-ல உச்ச நீதிமன்றத்தோட அரசியல் சாசன அமர்வே சொல்லியாச்சு." பதிலுரை திரும்பிப் போனது. அன்று சாயங்காலம் தெரு முழுக்க ஜாங்கிரி. பில்லைத் திருப்பி அனுப்பிய பழைய சுகம் அவர் முகத்தில் தெரிந்தது.

ஆனால் கம்பெனி சரியான நாளில் பதிலுரை போட்டிருந்தது, கூடவே ஒரு சிடியும். அவருடைய அத்தனை யெஸ்ஸும் அதில் இருந்தன. அந்த வாய்தாவுக்கு நானும் துணைக்குப் போயிருந்தேன். வழக்கு தள்ளிப்போனது. வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறந்தோம். கம்பெனி வக்கீலின் ஜூனியர், இருபத்தைந்து வயது இருக்கும், தயங்கித் தயங்கி வந்து நின்றான். சீனியர் எங்கே என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டான்.

"சார், தப்பா நெனச்சுக்காதீங்க. எங்கப்பா ரிட்டையர்மென்ட் பணத்துல ஒண்ணு எடுத்திருக்கார். எஃப்டின்னுதான் சொன்னாங்களாம்..." கவுனுக்குள்ளிருந்து ஒரு கனத்த உறையை எடுத்தான்.

கேஸ் சார் தயிர்சாதத்தை மூடி வைத்தார். "பத்திரம் கைக்கு வந்து எத்தனை நாளாச்சு?"

"போன வியாழக்கிழமைதான் சார்."

"எனக்குப் பதினஞ்சு நாள்தான் இருந்துது. 2024-லேர்ந்து முப்பது நாள் ஆக்கியாச்சு. இந்த உறையை எங்க வச்சிருந்தாங்க வீட்டுல?"

"சாமி ரூம்ல சார்."

சார் என்னைப் பார்த்தார். பிறகு மஞ்சள் பையிலிருந்து ஒரு வெள்ளைத் தாளையும் சிவப்புப் பேனாவையும் எடுத்து, சிவப்பை மட்டும் திரும்ப உள்ளே போட்டுவிட்டு, அந்தப் பையனின் சட்டைப் பையிலிருந்த நீலப் பேனாவை உருவிக்கொண்டார்.

"சொல்லு தம்பி, அனுப்புநர்... அப்பா பேரென்ன?"