ரங்கநாதன் தெருவில் செயப்பாட்டுவினை

பவணந்தியார் 13ஆம் நூற்றாண்டில் நன்னூல் செய்தபோது மாம்பலம் ரயில் நிலையம் கிடையாது. அவருடைய வினையியலில் ஒரு குறை நேர்ந்தது அதனால்தான். தீபாவளிக்கு முந்தைய ஞாயிறு மாலை ரங்கநாதன் தெருவில் ‘நடந்தேன்’ என்று எவராவது சொன்னால் அது வழு. ‘நடத்தப்பட்டேன்’ என்பதே சரி. முதுகில் கை வைத்துத் தள்ளியவர் யாரென்று திரும்பிப் பார்க்க முடிந்தால்தானே எழுவாய் தெரியும்? தோன்றா எழுவாய் என்று இலக்கணம் சொல்வது இவரைத்தான். காவல் கோபுரத்து மைக்கில் ஏவல் வினை ஓயவில்லை: “செயினைத் துப்பட்டாவால மூடிக்குங்கம்மா!”

இதற்கு நிலவியல் காரணமும் உண்டென்பது என் துணிபு. தியாகராய நகர், 1920களில் ஏரியைத் தூர்த்து எழுப்பிய ஊர். தண்ணீரை விரட்டினார்கள், வெள்ளம் வேறு உருவில் வந்துவிட்டது. 2023இல் ரயில் நிலையத்திலிருந்து பேருந்து நிலையம்வரை 570 மீட்டருக்கு ஆகாய நடைபாதை திறந்தார்கள். நான் போன அன்று அதுவும் நிரம்பி, கீழேயும் நிரம்பியிருந்தது.

ஜவுளிக் கடைப் படிக்கட்டில் இருக்கும் கணவர்கள் அனைவரும் வினையெச்சங்கள். வந்து, உட்கார்ந்து, பையை மடியில் வைத்து, கொட்டாவி விட்டு... முற்று மூன்றாம் மாடியில் இருக்கிறது. அங்கே என் மனைவி, விரித்த முதல் சேலையை ஒதுக்கிவிட்டு, “இதே பார்டர்ல, இந்தக் கலர் இல்லாம, ஆனா கிட்டத்தட்ட இதே மாதிரி” என்றாள். கடைக்காரப் பையன் அடுக்கிலிருந்து உருவி உருவிப் போட்டான். சேலைக் குன்றில் அவன் இடுப்புவரை மறைந்தபின் அந்த முதல் சேலையே எடுக்கப்பட்டது. இதுவும் செயப்பாட்டுவினைதான், எடுத்தது யாரென்பதில் எங்களுக்குள் இன்றுவரை உடன்பாடு இல்லை.

அப்புறம் பில் போட ஒரு வரிசை, பொருள் வாங்க ஒரு வரிசை, கடைசியில் கட்டைப்பை. தெருவில் எல்லார் கையிலும் அதே கடையின் அதே கட்டைப்பை. பலபொருள் ஒருசொல் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எந்த உரையிலும் இல்லை. கரும்புச் சாறு குடிக்க அதை இரண்டே நிமிடம் கீழே வைத்தேன்.

வீட்டுக்கு வந்து பிரித்தால், 28 இஞ்ச் இடுப்பளவில் மூன்று ஜீன்ஸ். எங்களுக்கு ஒரே மகள், வயது நாலு.

“பை மாறிடுச்சு” என்றேன். தன்வினை.

“நீங்கதான் மாத்திட்டு வந்துட்டீங்க” என்றாள். பிறவினை.