மயில்தோகை கட்டின பொட்டி

ஏண்டா பேராண்டி, மூணு நாளா பொட்டி முன்னால கன்னத்துல கைய வெச்சு உக்காந்திருக்கியே, எழவு வீடு தோத்துது போ. கேம் ஆடுறப்ப பொசுக்குனு அணைஞ்சு போகுது, அவ்வளவுதானே?

விண்டோஸை மூணு தரம் அழிச்சுப் போட்டியாமே. ரொம்பச் சரி. வயித்துவலின்னு வந்தவனுக்கு வேட்டிய மாத்திக் கட்டிவிட்டா வலி நின்னுடும்ல! உங்கம்மா வேற தேய்பிறை அஷ்டமிக்கு நம்ம காலபைரவர் கோயில்ல உன் பொட்டிக்காக சாம்பல் பூசணி விளக்கு ஏத்திட்டு வந்திருக்கா. பைரவர் எல்லாத்தையும் பாத்துக்குவாரு. ஹீட்சிங்க்ல அடைஞ்ச தூசியத் தட்டுறது மட்டும் அவரு டிபார்ட்மென்ட் இல்ல.

நான் நாப்பது வருசம் போர் மோட்டார் கழட்டிப் பூட்டினவன். மோட்டார் நின்னா உடனே ரீவைண்டிங் கடைக்குத் தூக்கக் கூடாது. போட்டதும் நின்னுதா, அரைமணி ஓடிச் சூடேறி நின்னுதான்னு கேக்கணும். உன் பொட்டியையும் அப்படிக் கேளு. நீலத்திரையில என்னவோ எழுதிக் காட்டிட்டு விழுந்தா ராம் மேலயோ டிரைவர் மேலயோ சந்தேகப்படு. ராமை உருவி, அதோட மஞ்சப் பல்லை அழிரப்பரால மெதுவாத் தேய்ச்சு மாட்டு. ராத்திரி மெம்டெஸ்டை ஓடவிட்டுட்டுத் தூங்கு. ஒரே ஒரு கேம்ல மட்டும் விழுந்தா பழி அந்தக் கேமுக்கு. ஒரு வார்த்தை சொல்லாம இருட்டாச்சுன்னா, பெரும்பாலும் சூடு, இல்லாட்டி கரண்டு.

ஈவென்ட் வியூவர்ல 'கெர்னல் பவர் 41' பாத்துட்டு புதையல் எடுத்தவன் மாதிரி குதிச்சியே. முறையா மூடாம அணைஞ்சு போச்சுங்கறதுதான் அதுக்கு அர்த்தம். செத்தான்னு எழுதிக் குடுத்த சீட்டு. எதனால செத்தான்னு அதுல இருக்காதுடா.

சினிமா பாக்குறப்ப கிராபிக்ஸ் கார்டு தூங்குது. கேம்ல செக்குமாடு மாதிரி முழுமூச்சா இழுக்குது. ப்ராசஸர் 100 டிகிரிய நெருங்கினா வேகத்தக் குறைச்சுக்கும். அப்பவும் அடங்கலேன்னா உசிரு பொழைக்க அணைஞ்சுக்கும். சேலம் ரோட்டுப் புழுதி பூரா உன் பொட்டிக்குள்ள குடித்தனம் பண்ணுதே, எப்படி அடங்கும்? பக்கக் கதவைக் கழட்டிட்டு டேபிள் ஃபேனை எதுக்க வெச்சு ஆடிப் பாரு. விழலேன்னா வியாதி சூடுதான். விசிறிய விரலால புடிச்சுக்கிட்டு தூசிய ஊது. சுத்தவிட்டு ஊதினா அதுவும் போயிரும். காஞ்ச தெர்மல் பேஸ்ட்டைத் துடைச்சுட்டு புதுசா பட்டாணி அளவு வை. ராகிக்களிக்கு நெய் ஊத்துற மாதிரி ஊத்திடாதே.

ஃபேன் வெச்சும் விழுந்தா எஸ்எம்பிஎஸ்ஸைப் பாரு. உன்னது கேபினட்டோட இனாமா வந்தது. மேல 450 வாட்னு ஒட்டியிருக்கு. ஒட்டினது யாரு? வித்தவன். கார்டு ஒரு நொடி துள்ளி இழுக்குறப்ப 12 வோல்ட் லைன் தாங்கணும், ஸ்டிக்கர் தாங்காது. யூபிஎஸ்ல 600 விஏன்னு போட்டிருந்தாலும் பல ரகம் 360 வாட்தான் தரும்.

பெரிய கம்பெனியும் சறுக்கும், அது வேற. 2024ல இன்டெல்காரனே, 13, 14ஆம் தலைமுறை ப்ராசஸர் சிலதுக்கு வோல்டேஜ் கூடுதலாப் போகுதுன்னு ஒத்துக்கிட்டு திருத்தம் விட்டான். உன் பொட்டி பழசு, அந்தப் பெருமை அதுக்கில்ல.

எஸ்எம்பிஎஸ்ஸுக்கு இல்லாத காசு, ஏழு கலர்ல மின்னுற விசிறிக்கும் கண்ணாடிக் கதவுக்கும் எங்கடா வந்துது? நம்ம ஊரு அதியமான் ஔவையாரத் தூது அனுப்பினானே, தொண்டைமான் தன் ஆயுதமெல்லாம் காட்டினான். அந்தம்மா என்ன சொல்லுச்சு? உன் வேலெல்லாம் மயில்தோகை கட்டி நெய் பூசி பத்திரமா இருக்குப்பா, எங்க ஆளோடது குத்திக் குத்தி முனை ஒடிஞ்சு கொல்லன் பட்டறையில கெடக்குன்னுது. தன்னைப் புகழுதுன்னு தொண்டைமான் நெனச்சானோ என்னவோ.

உன் பொட்டியும் பாக்க ரொம்ப அழகா இருக்குடா கண்ணு.

சரி, சோதனை முடிஞ்சதும் அந்த டேபிள் ஃபேனை என் கட்டிலுக்கே திருப்பிக் கொண்டாந்து வை. மூணு நாளா அது எங்க போச்சுன்னு எனக்குத் தெரியாதுன்னா நெனச்ச?