ரிவெட் காட்டிக்கொடுக்கும்

கே: ஆஸ்திரேலியாவில் பழைய ஃபால்கன், ஹோல்டன் கார் வாங்குகிறவர்கள் பானெட்டைத் திறந்ததும் ஒரு தகட்டையே உற்றுப் பார்க்கிறார்களே. இன்ஜினைப் பார்க்க மாட்டார்களா?

ப: இன்ஜினை இறக்கி ஏற்றிவிடலாம். விலையை நிர்ணயிப்பது தகடு. 1971-இல் வந்த ஃபால்கன் ஜிடி-எச்ஓ ஃபேஸ் 3, மொத்தமே சுமார் 300 கார்கள். கிரிக்கெட் வீரர் ஜெஃப் தாம்சனிடம் ஒரு காலத்தில் இருந்த ஒன்று, 2018-இல் 10 லட்சம் டாலரைத் தாண்டி விலைபோனது. தகட்டை மாற்றச் சாதா ஃபால்கன்காரருக்குக் கை அரிக்காதா?

கே: தகட்டில் அப்படி என்ன இருக்கிறது?

ப: மாடல், பெயின்ட், சீட் உறை எல்லாவற்றுக்கும் குறியீடு. 1968 ஹோல்டன் மொனாரோவின் மாடல் குறியீடு 81837-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது இலக்கம் 1 என்றால் வி8, 0 என்றால் ஆறு சிலிண்டர். கடைசி 37, இரண்டு கதவு கூபே. அங்கே 69 இருந்தால் நாலு கதவு செடான். கதவை எண்ணத் தெரிந்தால் போதும், பாதித் துப்பு துலங்கிவிடும்!

கே: தகடு மாறியிருப்பதை எப்படிக் கண்டுபிடிப்பது?

ப: முதலில் ரிவெட். ஐம்பது வருட அழுக்குக்கு நடுவே அது மட்டும் பளபளத்தால் சந்தேகப்படுங்கள். பெயின்ட் அடிக்கக் கழற்றி மாட்டிய யோக்கியர்களும் உண்டு என்பதால் உடனே போலீஸுக்கு ஓட வேண்டாம். அடுத்து, பாடியிலேயே குத்திய எண். சுற்றிலும் அரம் தேய்த்த தடமோ வெல்டிங் கோடோ தெரிகிறதா? பிறகு கார்பெட்டைத் தூக்குங்கள். தகடு மஞ்சள் என்கிறது, அடியில் நீலம் எட்டிப்பார்க்கிறது என்றால், ஒன்று கார் பொய் சொல்கிறது, இல்லை தகடு.

கே: என் 1975 காரில் 17 இலக்க வாகன அடையாள எண் இல்லையே, போலியா?

ப: அது ஆஸ்திரேலியாவில் கட்டாயமானது 1989-இல். இருந்திருந்தால்தான் விசாரிக்க வேண்டும்.

கே: இரண்டு டாலர் கட்டிப் பிபிஎஸ்ஆர் என்ற அரசுப் பதிவேட்டில் பார்த்துவிட்டேன். கடன் இல்லை, திருட்டுப் புகாரும் இல்லை. வாங்கலாமா?

ப: அந்த எண்ணின் மேல் புகார் இல்லை, அவ்வளவுதான். நொறுங்கிப்போன நல்ல காரின் தகட்டைத் திருட்டுக் காரில் அடித்திருந்தால் பதிவேட்டுக்கு எப்படித் தெரியும்? டார்ச்சோடு போங்கள்.

கே: புதுக் கார்களிலும் இப்படித் தகடு பொருத்துகிறார்களா?

ப: கார் விதிப்படி இருக்கிறது என்று காட்டிய தரச்சான்றுத் தகட்டுக்குப் பதில் 2021 ஜூலை முதல் இணையப் பதிவேடு வந்துவிட்டது. ஹோல்டனோ 2017 அக்டோபரிலேயே எலிசபெத் ஆலையை மூடிவிட்டது.