அவர்களுக்கு வாட்டர்கேட், நமக்கு வாட்டர்ஃபால்ஸ்

1972 ஜூன் 17. வாஷிங்டனில் வாட்டர்கேட் என்ற கட்டடத்துக்குள் ஐந்து பேர் திருட்டுத்தனமாக நுழைந்து மாட்டிக்கொண்டார்கள். இரண்டு வருஷத்தில் அதிபர் நிக்ஸன் மூட்டை கட்டினார். அமெரிக்காக்காரன் இன்னமும் அந்தக் கதையையே சொல்லிக்கொண்டிருக்கிறான். பாவம், அவனுக்கு வாய்த்தது வெறும் கேட். நமக்கு ஃபால்ஸே இருக்கிறதய்யா!

நம்மூர் ஜனநாயகத்துக்கு ஒரு விசித்திர உடம்பு. கோட்டையில் உட்கார்ந்தால் மூச்சு முட்டும்; ரிசார்ட் காற்று பட்டால்தான் தெளியும். 2017 பிப்ரவரியில் எம்.எல்.ஏ.க்கள் போய்த் தங்கியது கூவத்தூர். ஆகஸ்டில் புதுச்சேரி. அப்புறம் குடகு. ஹனிமூன் ஜோடிகள்கூட இத்தனை ஊர் பார்த்ததில்லை. அவர்களாவது சேர்ந்தே வீடு திரும்புகிறார்கள்.

ஆகஸ்டு 22-ல் அ.தி.மு.க.வில் டி.டி.வி. தினகரன் பக்கம் நின்ற 19 எம்.எல்.ஏ.க்கள் ஆளுநரைப் பார்த்து, முதல்வர் எடப்பாடி பழனிசாமிமேல் நம்பிக்கை இல்லை என்று கடுதாசி கொடுத்தார்கள். ஒருவர் மனசு மாறிப் போய்விட, மிச்சம் 18. செப்டம்பர் 18-ஆம் தேதி சபாநாயகர் தனபால் அந்த 18 பேரையும் தகுதி நீக்கம் செய்தார். பதினெட்டாம்படிக் கருப்பர்கூட இவ்வளவு பொருத்தமாகக் கணக்குத் தீர்த்திருக்க மாட்டார்.

வழக்கு ஐகோர்ட்டுக்குப் போனது. 2018 ஜூனில் ஒரு நீதிபதி செல்லும் என்றார், இன்னொருவர் செல்லாது என்றார். மேட்ச் டை! தேர்டு அம்பயராக வந்தார் நீதிபதி சத்தியநாராயணன்.

அவர் தீர்ப்புச் சொல்லப்போகிற வாரத்தில்தான் டி.டி.வி. தினகரன் அணியினர் குற்றாலத்தில் வந்து இறங்கினார்கள். அக்டோபர் மாசம். சாரல் சீசன் ஆனி, ஆடி, ஆவணியோடு சரி. விவரம் தெரியாத டூரிஸ்டுகள் என்று நினைத்துவிடாதீர்கள். தாமிரபரணி புஷ்கரத்தில் நீராட வந்தோம் என்றார்கள். பக்திக்கு ஏது சீசன்!

ஆள் பிடிக்கிறவர்களிடமிருந்து காப்பாற்றக் கூட்டிவந்தார்கள் என்றது ஊர். எனக்குப் புரியாதது இதுதான்: பதவி போனவர்களை எவன் கடத்துவான்? தீர்ப்பு சாதகமாக வந்துவிட்டால் என்ற நப்பாசை. முட்டை பொரிப்பதற்குள் குஞ்சைக் கூடை போட்டு மூடியாயிற்று.

குற்றாலத்துக்காரர் யாரையாவது கேட்டிருக்கலாம். பேரருவியில் ஒரு ஆர்ச் உண்டு. தண்ணீர் அதைத் தாண்டி விழுந்தால் போலீஸ் விசில் ஊதி எல்லோரையும் வெளியே அனுப்பிவிடும். தலையெல்லாம் எண்ணெயாக நிற்கிறேனே என்று கெஞ்சினாலும் கேட்காது. அக்டோபர் 25-ல் விசில் சென்னையிலிருந்து வந்தது. தகுதி நீக்கம் செல்லும்! எண்ணெய் தேய்த்த தலையோடு 18 பேரும் கரையேறினார்கள்.

அப்பீல் வேண்டாம், மக்களிடமே போவோம் என்று முடிவு. அவர்களில் பெரும்பாலோரின் தொகுதிகளில் இடைத்தேர்தல் 2019 ஏப்ரல் 18. மறுபடியும் பதினெட்டு, என்ன செய்ய! தினகரனின் அ.ம.மு.க. கட்சிக்குக் கிடைத்த சின்னம் பரிசுப் பெட்டி. மே மாதம் எண்ணிப் பார்த்தால் பெட்டி காலி. செந்தில் பாலாஜி முன்னாடியே தி.மு.க.வுக்குப் போயிருந்தார், தங்க தமிழ்ச்செல்வன் ஜூனில் அதே பஸ்ஸைப் பிடித்தார்.

2019 நவம்பர் 22. குற்றாலத்தையும் சேர்த்துத் தென்காசி தனி மாவட்டமானது, தமிழ்நாட்டின் 33-வது. தொடங்கிவைக்க வந்தவர் யார் என்கிறீர்கள்? சாட்சாத் எடப்பாடி பழனிசாமியேதான். அவரும் சீசன் தப்பித்தான் வந்தார். என்ன, துண்டுக்குப் பதிலாகக் கையில் ஒரு மாவட்டம்.